பீரங்கிக் குண்டைத் தெறிக்கவைத்த மரம்

“மரக்கப்பலில் பட்ட இரும்புக் குண்டு தெறித்துக் கடலில் விழுந்தது என்று படித்தேன். அது நடக்கிற காரியமா?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். நடக்கும். 1812இல் நடந்திருக்கிறது.

அந்த ஆண்டு ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்தது. நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டன், அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து மாலுமிகளைப் பிடித்துப்போய்த் தன் கடற்படையில் சேர்த்தது. பிரான்சுடனான வணிகத்தையும் தடுத்தது. மேற்கே பழங்குடிகளின் நிலத்தின்மீது அமெரிக்கர்களுக்கு இருந்த ஆசையும் சேர்ந்துகொண்டது.

ஆகஸ்ட் 19. அட்லாண்டிக்கில் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’, பிரிட்டனின் ‘கெரியேர்’ கப்பலோடு மோதியது. கான்ஸ்டிடியூஷன்மீது பட்ட குண்டு தெறித்ததைக் கண்ட மாலுமி ஒருவர், இவள் விலா இரும்பால் ஆனது என்று கூவினாராம். ‘ஓல்ட் அயர்ன்சைட்ஸ்’ (இரும்பு விலாக்காரி) என்ற செல்லப்பெயர் கப்பலுக்கு அப்படி வந்தது.

விலாவில் இரும்பு இல்லை. வெளியிலும் உள்ளிலும் வெள்ளை ஓக் பலகைகள். நடுவில் விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்கள், ‘லைவ் ஓக்’ என்ற இன்னொரு வகை ஓக் மரத்தில் செய்தவை. மொத்தக் கனம் சில இடங்களில் அரை மீட்டரைத் தாண்டும்.

இந்த லைவ் ஓக்கைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. சாதாரண விறகில் நார்கள் நேராக ஓடும்; கோடாரி போட்டால் விரிசல் அந்த வழியே ஓடிப் பிளந்துவிடும். லைவ் ஓக்கில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். விரிசல் ஓட நேர்வழியே கிடையாது. நம் கறிக்கடைகளில் புளியங்கட்டை வெட்டுக்கு அசராமல் நிற்பதும் இதே குணத்தால்தான். உலர்ந்த பிறகும் லைவ் ஓக்கின் அடர்த்தி தண்ணீரை நெருங்கும். குண்டு ஒவ்வொரு நாரையும் நசுக்கி, கிழித்துத்தான் முன்னேற வேண்டும். அதிலேயே அதன் ஆற்றல் தீர்ந்துபோகும். இன்னொன்று, இந்த மரத்தின் கிளைகள் இயல்பாகவே வளைந்தவை. வளைந்த சட்டத்துக்கு வளைந்த கிளையையே எடுத்தார்கள். அதனால் நார் எங்கும் அறுபடவில்லை.

கப்பலை வடிவமைத்த ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் சட்டங்களை மிக நெருக்கமாக வைத்தார். இடைவெளி சுமார் இரண்டு அங்குலம். குண்டு எங்கே பட்டாலும் பின்னால் ஒரு சட்டம் நின்றது.

அதற்காக எல்லாக் குண்டும் தெறித்துவிடவில்லை. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும், இல்லையா? வேகம் குறைந்து வந்தவைதான் தோற்றன. மேலும் கான்ஸ்டிடியூஷன் பெரிய கப்பல். அதன் முக்கியப் பீரங்கிகள் 24 பவுண்டு குண்டு வீசின. கெரியேரில் இருந்தவை 18 பவுண்டு. பாய்மரங்களை எல்லாம் இழந்து சரணடைந்த கெரியேரை மறுநாள் எரித்துவிட்டார்கள்.

போரின் முடிவு அவ்வளவு பளிச்சென்று இல்லை. 1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கே தீ வைத்தது. டிசம்பர் 24 அன்று, இன்று பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்தி போய்ச் சேர்வதற்குள் 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்சில் மீண்டும் பெரும் சண்டை. எல்லைகள் பழையபடியே நின்றன. மாலுமிகளைப் பிடித்துப்போவது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. உண்மையில் தோற்றவர்கள் பழங்குடிகள். அவர்களை ஒன்றுதிரட்டிய டெகும்சே 1813இலேயே போர்க்களத்தில் மாண்டார்.

கான்ஸ்டிடியூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. அதைப் பழுதுபார்ப்பதற்கென்றே இந்தியானா மாநிலத்தில் அமெரிக்கக் கடற்படை வெள்ளை ஓக் மரங்களைப் பாதுகாத்து வருகிறது. பலன் தர நூறாண்டு பிடிக்கும் மரத்துக்கும், அதை ஆராய்வதற்கும் நம் அரசுகளும் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.