ஆனந்த் அந்த யானையை ஏன் உடனே எடுக்கவில்லை?

1995 செப்டம்பர். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் காரி காஸ்பரோவும் விஸ்வநாதன் ஆனந்தும் உலகப் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்துவிட்டார். பத்தாவது ஆட்டத்தில் வெள்ளைக்காய் காஸ்பரோவுக்கு. பதினாறாவது நகர்த்தல் முடிந்தபோது அவருடைய யானை ஒன்று பலகையின் மூலையில் காவல் இல்லாமல் நின்றது. ஆனந்தின் ராணி அதை அப்படியே எடுக்கலாம். அவர் எடுக்கவில்லை. குதிரையை நகர்த்தினார்.

சதுரங்கம் பார்க்கிற யாருக்கும் இந்த இடத்தில் வருகிற கேள்வி ஒன்றுதான்: சும்மா கிடைக்கிற யானையை ஏன் விடணும்? விவரம் தெரியாதவர் கேட்கிற கேள்வி என்று இதை ஒதுக்கக் கூடாது. ஆக்ரோஷமான ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள், எப்படி வேலை செய்கிறது என்பதன் முழு விளக்கமும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

முதலில் ஆட்டம் அந்த நிலைக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். ஓப்பனிங் ரூய் லோபெஸ், அதில் ஓப்பன் வேரியேஷன். வெள்ளையின் மையச் சிப்பாய் ஒன்றைக் கருப்பு குதிரையால் வெட்டிவிட்டு, அதனால் வரும் நெருக்கடியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிற துணிச்சலான வழி அது. பதினோராவது நகர்த்தலில் காஸ்பரோவ் ஒரு குதிரையை ஜி5 கட்டத்தில் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை) வைத்தார். 1978 உலகப் பட்டப் போட்டியில், பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கோர்ச்னாய்க்கு எதிராகக் கார்ப்போவ் ஆடிய நகர்த்தல் இது. அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. 1995 போட்டியின் ஆறாவது ஆட்டத்திலும் காஸ்பரோவும் ஆனந்தும் இதே வழியில் போய் டிரா செய்திருந்தார்கள். அதனால் பத்தாவது ஆட்டத்தில் பதின்மூன்று நகர்த்தல்கள் வரை இருவருக்கும் பழகிய பாதைதான்.

பதினான்காவதில் பாதை மாறியது. காஸ்பரோவ் பிஷப்பைச் சி2 கட்டத்துக்கு இழுத்து, ஆனந்தின் ராணியை மிரட்டினார். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் முன்பே சொல்லிவைத்த யோசனை அது. ராணி சி3 சிப்பாயை வெட்டிக்கொண்டு தப்பியது. அடுத்து வெள்ளைக் குதிரை பி3க்கு வந்தது, கருப்புக் குதிரை அதை வெட்டியது, வெள்ளை பிஷப் பதிலுக்கு வெட்டியது. மூலை யானை இப்போது அநாதை.

இந்த நிலையில் காய்களை மொத்தமாக எண்ணினால் கருப்புக்குக் குறை எதுவும் இல்லை, ஒரு சிப்பாய் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கு இங்கே உதவாது. வேலையில் இறங்கிய காய்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். கருப்பின் இரண்டு யானைகளும் எஃப்8 பிஷப்பும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு அடிகூட நகரவில்லை. வெளியே வந்திருப்பது ஒரு ராணியும் ஒரு குதிரையும்தான். வெள்ளைக்கோ ராணி, இரண்டு பிஷப்கள், ஒரு யானை என நான்கு காய்களுக்கும் வழி திறந்து கிடக்கிறது. போர் நடக்கிற இடத்தில் நான்குக்கு இரண்டு.

அதைவிட முக்கியமானது ராஜா. ஆனந்தின் ராஜா இன்னும் நடுவிலேயே, இ8 கட்டத்தில் நிற்கிறார். வலது பக்கம் கோட்டை கட்டிக்கொள்ளலாம் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) என்றால் பிஷப் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது, அதை நகர்த்த ஒரு முறை செலவாகும். இடது பக்கம் பார்த்தால் ராஜாவுக்கும் யானைக்கும் இடையில் மூன்று கட்டங்களும் காலி. பார்வையாளர் "அந்தப் பக்கம் கோட்டை கட்டிடலாமே" என்று நினைப்பார். முடியாது. வெள்ளை ராணி டி1இல் நின்றபடி திறந்த வரிசை வழியாக டி8 கட்டத்தைக் குறிவைக்கிறது. எதிரியின் குறியில் இருக்கும் கட்டத்தைத் தாண்டி ராஜா கோட்டை கட்டக் கூடாது என்பது விதி. தன் ஆரம்பக் கட்டத்தைவிட்டு நகராமலேயே அந்த ராணி ஒரு கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

சரி, யானையை எடுத்தால் என்ன ஆகும்? கருப்பு ராணி பலகையின் தொலைதூர மூலைக்குப் போய்விடும். உடனே வெள்ளை ராணி எச்5க்குப் பாய்ந்து செக் சொல்லும். சாதாரணமாக ஒரு சதுரங்க நிலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகர்த்தல்கள் சாத்தியம். இந்தச் செக்குக்குப் பிறகு கருப்புக்கு விதிப்படி மிஞ்சுவது நான்கே நான்கு: ஜி சிப்பாயை முன்னே தள்ளி மறைக்கலாம், இல்லாவிட்டால் ராஜா மூன்று கட்டங்களில் ஏதாவது ஒன்றுக்கு ஓடலாம். மறைத்தால் வெள்ளை ராணி எஃப்3க்கு வந்து, சி6 குதிரையையும் ராஜாவை ஒட்டிய எஃப்7 கட்டத்தையும் ஒருசேர மிரட்டும். இரண்டையும் ஒரே நகர்த்தலில் திருப்தியாகக் காப்பாற்ற வழியில்லை.

தாக்கும் ஓப்பனிங்கின் இயந்திரம் இதுதான். சிப்பாயையும் யானையையும் கொடுத்து வெள்ளை வாங்குவது நேரம். ஆட்டக்காரர்கள் டெம்போ என்பார்கள். எதிரியின் ராணி இரை தேடிப் போகிற ஒவ்வொரு நகர்த்தலும் அவர் தன் காய்களை வெளியே கொண்டுவர முடியாமல் போன நகர்த்தல். கூடவே செக், வெட்டு, மிரட்டல் என்று அடுக்கும்போது பதில்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. கிளை சுருங்கினால் தாக்குகிறவரால் வெகு ஆழம்வரை கணக்குப் போட முடியும். அமைதியான நிலையில் நான்கு நகர்த்தல் தூரம் பார்ப்பதே பெரும்பாடு. பதில்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தால் பத்து நகர்த்தல் தூரம் பார்க்கலாம்.

ஆனந்துக்கு இது பலகைமுன் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, காஸ்பரோவோ வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதனால்தான் ஒருவர் மளமளவென்று ஆடுகிறார், மற்றவர் கடிகாரத்தைத் தின்றுகொண்டு யோசிக்கிறார். பெரிய ஆட்டக்காரர்களின் பலத்தில் ஒரு பெரும் பங்கு நினைவில் பதிந்த வடிவங்கள். 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த ஆய்வு இதற்குப் புகழ்பெற்றது. உண்மையான ஆட்ட நிலை ஒன்றை ஐந்து வினாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திருப்பி அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால் அந்தப் பலம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். புதிய நகர்த்தல் ஒன்று எதிரியை அந்தப் பழகிய வடிவங்களுக்கு வெளியே தள்ளுகிறது. அங்கே ஒவ்வொரு அடியையும் புதிதாகத் தட்டிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஆனந்த் குதிரையை டி4க்குக் கொண்டுபோனார். கண்ணிக்குள் நேராகக் கால் வைக்காமல் ஒதுங்கியது நல்ல தற்காப்பு. வெள்ளை ராணி ஜி4க்கு வந்தது, யானை அப்போதும் காவலின்றித்தான் நின்றது. இம்முறை ஆனந்த் எடுத்தார். காஸ்பரோவ் பிஷப்பால் இ6 சிப்பாயை வெட்டினார், ஆனந்த் தன் யானையை டி8இல் வைத்தார். அப்புறம் வந்தது பத்தொன்பதாவது நகர்த்தல்: சி1 பிஷப் எச்6க்குப் போனது. விலகிய அந்த பிஷப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த எஃப்1 யானை இப்போது நேராகக் கருப்பு ராணியைப் பார்க்கிறது. பிஷப்பை ஜி சிப்பாயால் வெட்டலாமா? ராணி போய்விடும். ராணியைக் கொடுத்து எஃப்1 யானையை வாங்கிக்கொண்டு, பிறகு பிஷப்பை வெட்டினால்? எச்5இல் செக், அடுத்த நகர்த்தலில் செக்மேட்.

கருப்பு ராணி தப்பி ஓடியது. வெள்ளை பிஷப் ஜி7 சிப்பாயையும் எச்8 யானையையும் வரிசையாக வெட்டியது. கொடுத்த யானை திரும்பி வந்துவிட்டது. இருபத்தைந்தாவது நகர்த்தலுக்குள் ராணிகளும் பலகையைவிட்டுப் போய்விட்டன, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம். தீப்பிடித்த மாதிரி நடந்த ஆட்டத்தில் கடைசியில் மிஞ்சிய லாபம் ஒரே ஒரு சிப்பாய்! அதோடு திறந்த பலகையில் வெள்ளை பிஷப், கருப்புக் குதிரையைவிட வலுவாக இருந்தது. 38ஆவது நகர்த்தலில் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அடுத்த நான்கு ஆட்டங்களில் மூன்றைக் காஸ்பரோவ் ஜெயித்தார். போட்டி 10.5–7.5 என்று முடிந்தது.

இன்றைக்கு இப்படி ஓர் ஆட்டம் நேரலையில் நடந்தால் திரை ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கும். கணினி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் பட்டை. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலில் நியூரல் நெட்வொர்க் சேர்ந்த பிறகு, தூங்குகிற யானைக்கும் வேலை செய்கிற யானைக்கும் உள்ள வித்தியாசத்தை அது இன்னும் நன்றாகவே உணர்கிறது. ஆனாலும் பட்டை சொல்வது, இரண்டு பேரும் மிகச் சரியாக ஆடினால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான். நான்கு பதில்களில் மூன்று தோல்வி, ஒன்றே ஒன்று தப்பிக்க வைக்கும் என்றாலும் பட்டை அசையாமல் நடுவில் நிற்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தாக்குகிற ஓப்பனிங்கைப் பார்க்கும்போது நான் பட்டையைவிட்டுவிட்டு மூன்றைத்தான் கவனிப்பேன்: ராஜா கோட்டைக்குள் போய்விட்டாரா, நகராத காய்கள் யாருக்கு அதிகம், யாருடைய கடிகாரம் வேகமாகக் கரைகிறது.