டீமன் ஓடுகிறது, சரி, யாருக்கெல்லாம் ஓடுகிறது?

லினக்ஸ் கோப்பு சர்வரைப் பரிசோதிக்கச் சொல்லி அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது டீமனின் (பின்புலத்தில் ஓடிக்கொண்டே சேவை தரும் நிரலின்) நிலையைச் சொல்லும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை தரும் பச்சை வரியைத்தான். "ஆக்டிவ்னு வருது சார், எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்பார்கள். புராசஸ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. எந்த அடைவை, யாருக்கு, எந்த நெட்வொர்க் வழியாகத் திறந்து வைத்திருக்கிறது என்று அது சொல்லாது. அமைப்பில் ஒருவருக்கு அனுமதி விட்டுப்போனால் அடுத்த நிமிடமே அவரிடமிருந்து போன் வரும். தேவைக்கு மேல் திறந்துவிட்டாலோ எல்லோருக்கும் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும், புகார் சொல்ல ஆளே இருக்காது.

இதற்கு என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகள் நெட்வொர்க் வழியாக அடைவுகளைப் பகிரும் முறை) போல எடுத்துக்காட்டு வேறில்லை. இடிசி அடைவிலுள்ள எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்க வேண்டும்: முதலில் பகிர வேண்டிய அடைவு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு கிளையண்டின் (பகிர்வைப் பயன்படுத்தும் கணினியின்) பெயரோ ஐபி முகவரியோ, அதை ஒட்டியபடியே அடைப்புக்குறிக்குள் விருப்பங்கள். பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும். நீங்கள் குறிப்பிட்ட கிளையண்டுக்கு இயல்பு விருப்பங்கள், அதாவது படிக்க மட்டும் அனுமதி. அடைப்புக்குறிக்குள் எழுதிய 'படிக்கலாம், எழுதலாம்' அனுமதியோ அந்த சர்வரை எட்ட முடிகிற எல்லோருக்கும் போய்விடும். இந்தக் கோப்பைப் படித்துப் பகிர்வை நடைமுறைக்குக் கொண்டுவரும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளை இதற்கு ஓர் எச்சரிக்கை தரத்தான் செய்கிறது. ஹோஸ்ட் பெயர் இல்லை, இந்த எச்சரிக்கை வராமலிருக்க நட்சத்திரக் குறி போடலாம் என்கிறது. அதைக் கேட்டு நட்சத்திரம் போட்டால் எச்சரிக்கை நிற்கும், கதவு திறந்தபடியே இருக்கும்! சர்வீஸாகத் தொடங்கினால் அந்த வரிகூட லாகில்தான் (பதிவுக் கோப்பில்தான்) போய் விழும், யாரும் பார்ப்பதில்லை. கோப்பைத் திருத்தி மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை 'வி' விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். கிளையண்ட் பெயர் வர வேண்டிய இடத்தில் 'வேர்ல்ட்' என்று வந்தால் மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

நோ ரூட் ஸ்குவாஷ் என்ற என்எஃப்எஸ் விருப்பம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளையண்டின் ரூட் பயனரை (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியை) சர்வர் சாதாரண அநாமதேயப் பயனராக மாற்றிவிடுவதுதான் இயல்பான நடத்தை, இந்த விருப்பம் அதை நிறுத்திவிடும். 'பெர்மிஷன் டினைடு' வந்ததும் இணையத்தில் தேடி, கிடைத்த முதல் பதிலிலிருந்து இந்த விருப்பத்தை ஒட்டிவிடுகிறார்கள். அதன்பின் கிளையண்டில் ரூட் ஆன எவரும் அந்தப் பகிர்வுக்குள் ரூட்தான். அது இல்லாவிட்டாலும், கெர்பரோஸ் (பயனர் யாரென்று உறுதிசெய்யும் முறை) இல்லாத வழக்கமான என்எஃப்எஸ், கிளையண்ட் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பிவிடும். தன் கணினியில் ரூட் உரிமை உள்ளவர் எந்தப் பயனர் எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். ஆகவே கிளையண்ட் பட்டியலைச் சுருக்குவது பெரிய பாதுகாப்பு.

சாம்பா (விண்டோஸ் கணினிகளின் எஸ்எம்பி முறையில் கோப்பு பகிரும் மென்பொருள்) கொஞ்சம் வேறு மாதிரி ஏமாற்றும். குறிப்பிட்ட சிலர் மட்டும் ஒரு பகிர்வுக்குள் வர 'வேலிட் யூசர்ஸ்' என்று எழுத வேண்டும். கடைசி எழுத்தை விட்டு 'வேலிட் யூசர்' என்று எழுதினால், அப்படியொரு அளவுரு தனக்குத் தெரியாது என்று சாம்பா அந்த வரியைப் புறக்கணித்துவிட்டு நிம்மதியாகத் தொடங்கிவிடும். கட்டுப்பாடு போட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சாம்பா கணக்கு உள்ள எல்லோரும் உள்ளே போய் வந்துகொண்டிருப்பார்கள். டெஸ்ட்பார்ம் கட்டளை இதைப் பிடித்துத் தரும். ஆனால் பலர் அதை ஓட்டுவதில்லை, ஓட்டினாலும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். அது முதலில் அச்சிடும் வரிகளைப் படியுங்கள்.

சாம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் தரவுத்தளம் உண்டு என்பதும் மறந்துபோகிற விஷயம். வேலையை விட்டுப் போனவரின் லினக்ஸ் கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது, எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் அங்கேயும் முடக்க வேண்டும்.

டீமன் எந்த முகவரியில் கேட்கிறது, அதாவது இணைப்புகளுக்குக் காத்திருக்கிறது, என்பது அடுத்த கேள்வி. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலான டீமன்கள் கணினியின் எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் கேட்கும். சாம்பாவில் 'இன்டர்ஃபேசஸ்' வரியோடு 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' வரியையும் சேர்த்தால்தான் அது முழுதாகக் கட்டுப்படும். பட்டியலில் 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) இருக்கட்டும், இல்லையேல் எஸ்எம்பிபாஸ்வேர்ட் தகராறு செய்யலாம். சாம்பா பயன்படுத்தும் 445-ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது என்று ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவூட்டுவேன். விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவிய அதே மாதத்தில்தான், எழுதும் அனுமதியுள்ள பகிர்வில் ஒரு லைப்ரரி கோப்பை ஏற்றி அதை சர்வரிலேயே இயக்கவைக்கும் ஓட்டை சாம்பாவிலும் வெளியானது. 3.5.0 பதிப்பிலிருந்து அது இருந்துவந்தது.

இதையெல்லாம் கவனமாகச் செய்பவர்கள்கூட 'ஒரு ஃபைல்தானே, இப்போ எடுத்துடலாம்' என்று பைத்தானின் எச்டிடிபி சர்வர் மாட்யூலை ஒற்றை வரியில் ஓட்டிவிடுவார்கள். 8000-ஆம் போர்ட், எல்லா இடைமுகங்கள், கடவுச்சொல் கிடையாது, நிற்கிற அடைவு முழுவதும் பட்டியலோடு. ஹோம் அடைவில் நின்று ஓட்டினால் வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் மறைவு அடைவும் அந்தப் பட்டியலில் வரும். வேண்டிய கோப்பை மட்டும் தனி அடைவில் வைத்து, பைண்ட் விருப்பத்தில் முகவரியையும் கொடுத்து ஓட்டினால் பிரச்சினை பாதி குறையும். எடுத்து முடித்ததும் நிறுத்துங்கள்.

தொடங்கும் முறைக்கு வருவோம். புதிய அமைப்பை முதலில் முன்புலத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். சாம்பாவின் டீமனான எஸ்எம்பிடி-க்கு அதற்கான விருப்பம் உண்டு, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் டீமனுக்கு 'நோ டிடாச்' உண்டு. லாகையும் திரைக்கு அனுப்பச் சொன்னால் பிழைகள் கண்ணெதிரே ஓடும். பார்த்து முடித்ததும் அதை நிறுத்திவிட்டுத்தான் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் லினக்ஸ் நிரல்) வழியாகத் தொடங்க வேண்டும். கையால் தொடங்கிய டீமனை சிஸ்டம்டி தன்னுடையதாகக் கருதாது, சர்வீஸை நிறுத்தினாலும் அது நிற்காது. சர்வீஸ் போர்ட் கிடைக்காமல் விழுந்து கிடக்க, மறந்துபோன பழைய புராசஸ் பழைய அமைப்போடு பகிர்ந்துகொண்டே இருக்கும். இந்த நிலையை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். 'கோப்பை மாத்தினேன், ஒண்ணும் மாறலையே' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு வழக்கமான காரணம்.

தரவு தனி டிஸ்கில் இருந்தால் இன்னொரு ஆபத்து. மறுதொடக்கத்தில் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு (தன் அடைவோடு இணைவதற்கு) முன்பே டீமன் கிளம்பிவிட்டால், வெறும் மவுண்ட் பாயிண்ட் அடைவை அது காலிப் பகிர்வாகக் காட்டும். இரவில் 'டிலீட்' விருப்பத்தோடு ஓடும் ஆர்சிங்க் காப்புப்பிரதி அந்தக் காலி அடைவைப் பார்த்தால் என்ன செய்யும்? மூலத்தில் இல்லாததைக் காப்பிலும் அழித்துவிடும். சர்வீஸின் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். நேரடியாகத் திருத்தாமல் சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது வரி காணாமல் போகாது.

வேலை முடிந்ததும் எஸ்எஸ் கட்டளையால் எந்தெந்த போர்ட்கள் திறந்திருக்கின்றன என்று சர்வரிலேயே பாருங்கள். அப்புறம் எந்த அனுமதியும் தரப்படாத வேறொரு கணினியிலிருந்து முயலுங்கள்: கடவுச்சொல் இல்லாமல் எஸ்எம்பிகிளையண்ட் கட்டளையால் பகிர்வுகளைப் பட்டியலிடச் சொல்வது, என்எஃப்எஸ் பகிர்வுகளைக் காட்டும் ஷோமவுண்ட் ஓட்டுவது, ஆர்சிங்க் 873-ஆம் போர்ட்டில் என்ன மாட்யூல்களைக் காட்டுகிறது என்று கேட்பது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு மட்டும் இயங்கும் சர்வரில் ஷோமவுண்டுக்குப் பதில் வராமல் போகலாம், அதை வைத்துப் பகிர்வே இல்லை என்று முடிவுகட்டாமல் 2049-ஆம் போர்ட்டில் மவுண்ட் செய்தே பார்க்க வேண்டும். இதே சோதனைகளை ஐபிவி6 முகவரியிலும் ஒருமுறை செய்யுங்கள். ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் எழுதிய விதிகள் ஐபிவி4-க்கு மட்டும்தான், மற்றதற்கு ஐபி6டேபிள்ஸில் தனியாக எழுத வேண்டும்.