கோடைப் பூவைப் பார்த்து ரோஜாவுக்கு மார்க் போடாதீர்கள்

வெயில் ஏற ஏற எனக்கு வரும் போன் அழைப்புகளில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "தம்பி, இது நான் வாங்கின செடியே இல்லை. ஏமாத்திட்டாங்க." வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இந்தப் புகாரோடு போன கோடையில் கூப்பிட்ட ஓர் அம்மாவின் வீட்டுக்கு நேரிலேயே போனேன். இரண்டு தொட்டிகளைக் காட்டினார். முதல் தொட்டியில், குளிர் மாதங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்ததாக அவர் சொன்ன அடர்சிவப்பு ரோஜா, எலுமிச்சம்பழ அளவில், வெளிறி, இதழ் ஓரம் கருகி நின்றது. இரண்டாவது தொட்டியில் இளஞ்சிவப்பு ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத சின்னப் பூக்கள். இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. முதல் தொட்டியைப் பற்றி நான் சொன்னது ஒன்றுதான்: வெயில் இறங்கும் வரை கை வைக்காதீர்கள்.

ரோஜாப் பூவின் அளவு அது விரிகிற நாளில் முடிவாவதில்லை. கணுவில் இருக்கும் கண் முளைத்து, துளிர் கொஞ்சம் நீள்வதற்குள்ளேயே உள்ளே மொட்டு உருவாகத் தொடங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மொட்டுக்குள் இதழ்கள் ஒவ்வொன்றாக அமையும். அந்தச் சமயத்தில் குளிர்ச்சி இருந்தால் இதழ் கூடும், சூடு இருந்தால் குறையும். ஆக, இன்று நீங்கள் பார்க்கிற பூ சில வாரங்களுக்கு முந்தைய வெயிலின் கணக்கு. மிதமான காலத்தில் கிளையை வெட்டிவிட்டால் அடுத்த பூ வர ஆறேழு வாரம் ஆகும். கடும் வெயிலில் அதே வேலை ஐந்து வாரத்திலோ அதற்கும் முன்னாலோ முடிந்துவிடும். அரை வேக்காட்டில் இறக்கிய சோறு மாதிரிதான் அந்தப் பூ.

செடியின் வரவு செலவும் கோடையில் இடிக்கும். பகலில் 20 முதல் 28 டிகிரி செல்சியஸ், இரவில் 15 முதல் 18 டிகிரி என்பது ரோஜாவுக்கு ஏறக்குறைய வசதியான நிலை. பகல் 35 டிகிரியைத் தாண்டும்போது, அதுவும் காற்று வறண்டிருந்தால், தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். இலை உணவு தயாரிப்பது குறைந்துவிடும். ஆனால் சுவாசத்துக்கு ஆகும் செலவு சூட்டோடு சேர்ந்து ஏறும். இரவும் புழுக்கமாக இருந்தால், பகலில் சம்பாதித்த சர்க்கரையின் பெரும்பகுதி இரவிலேயே கரைந்துபோகும். பிறகு பெரிய பூவுக்கு எங்கே போவது?

நிறமும் அப்படித்தான். சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா சாயல்கள் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. சூட்டில் அது குறைவாகவே உருவாகும். அதனால் அடர்சிவப்பு மங்கும், இளஞ்சிவப்பு வெளுக்கும். இதில் கருஞ்சிவப்பு ரகங்களின் நிலைதான் பரிதாபம். கறுப்புச் சட்டை போட்டவர் போல வெயிலை அதிகம் உறிஞ்சி, இதழ் ஓரம் தீய்ந்துபோகும். விற்பனைப் படங்களில் எல்லோரும் ஆசைப்படுவதும் அதே கருஞ்சிவப்பைத்தான்!

அப்படியானால் கோடையில் ரோஜாக்களை ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம், அதற்கு அது நல்ல காலமும்கூட. ஆனால் பூவைப் பார்க்காமல் செடியைப் பார்க்க வேண்டும். இலை எவ்வளவு நிற்கிறது, அடியில் இருந்து புதுத் தண்டு வருகிறதா, பூத்து ஓய்ந்த பிறகு மறுபடி துளிர்க்க எத்தனை நாள் எடுக்கிறது என்ற மூன்றும் கோடையில் பளிச்சென்று தெரிந்துவிடும். குளிர் காலத்தில் எந்த ரோஜாவும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஒப்பிடும்போது நான் பார்த்த பெரிய தவறு, சமமில்லாத இரண்டைப் பக்கத்தில் வைப்பது. ஒன்று மூன்று வருடச் செடி, இன்னொன்று போன மாதம் வாங்கியது. ஒன்று மண்தொட்டியில், மற்றது கறுப்புப் பிளாஸ்டிக்கில். நான் ஒரு முறை ஒரே ரகத்தில் இரண்டு செடிகளை இப்படி வேறு வேறு தொட்டிகளில் வைத்துப் பார்த்தேன். கோடை முடிந்து கறுப்புத் தொட்டியைக் கவிழ்த்தால், மாலை வெயில் பட்ட பக்கத்து வேர்கள் பழுப்பாகிச் செத்திருந்தன. மறுபக்கத்து வேர் வெள்ளையாக, உயிரோடு இருந்தது. மேலே இருந்து பார்த்தவர் "இந்த ரகம் வெயில் தாங்காது" என்று எழுதி வைத்திருப்பார். தாங்காதது தொட்டி. ஆகவே ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண் கலவை, ஒரே இடம், ஒரே வயது என்று வையுங்கள். ஒன்று ஒட்டுச் செடி, இன்னொன்று சொந்த வேரிலேயே வளர்ந்த பதியன் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒட்டுச் செடியில் வெயிலைத் தாங்குகிற வேர் வேறு ஒரு ரோஜாவினுடையது. போட்டோ எடுப்பதும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். காலை ஏழு மணிப் பூவும் மதியம் இரண்டு மணிப் பூவும் ஒரே செடியில் இருந்தாலும் ஒன்றல்ல. மணமும் அப்படியே, வெயில் ஏறியதும் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். மதியம் முகர்ந்துவிட்டு "வாசமே இல்லை" என்றால் எப்படி?

எது தாங்கும், எது தாங்காது என்பதற்கு ரகத்தின் வம்சாவளி நல்ல துப்பு. ஐரோப்பாவின் பழைய காலிக்கா, ஆல்பா ரோஜாக்கள் குளிரில் உறங்கி எழுந்து வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பூப்பவை. குளிரே இல்லாத இடத்தில் அவற்றை வைத்தால் இலையைத்தான் வளர்க்கலாம். விட்டு விட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும் குணம் சீனத்து ரோஜாக்கள் வழியாக வந்தது. 'ஓல்ட் பிளஷ்' போன்றவை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் போன மணமுள்ள டீ ரோஜாக்களும் சேர்ந்து கலந்ததில்தான், காம்புக்கு ஒன்றாகப் பெரிய பூ தரும் இன்றைய ஹைப்ரிட் டீ வகை பிறந்தது. அந்த வகையில் முதலாவதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1867இல் வந்த 'லா பிரான்ஸ்'. என் அனுபவத்தில் சீன, டீ ரத்தம் தூக்கலாக இருக்கும் பழைய ரகங்கள் வெயிலைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'மியூட்டபிலிஸ்' என்றொரு சீன ரோஜா இருக்கிறது. ஐந்தே இதழ். மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்பாகும். கோடையில் அந்த நிறமாற்றம் சீக்கிரம் நடந்துவிடும், அவ்வளவுதான். பூ வாடியதே என்று கவலைப்படுவதற்குள் அடுத்தது விரிந்திருக்கும்.

இதழ் எண்ணிக்கையையும் பாருங்கள். இருபது, இருபத்தைந்து இதழ் உள்ள ஹைப்ரிட் டீ காலையில் அழகான கூம்பாக இருக்கும், மதியத்துக்குள் அகல விரிந்து நடுவைக் காட்டிவிடும். ஐம்பது, அறுபது இதழ் உள்ளவை மெதுவாக விரிவதால் கோடையில் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். ஈரமும் குளிருமாக இருக்கும் பருவத்தில் கதை தலைகீழ்: இந்த அடர்ந்த மொட்டுகள் விரியாமலே அழுகும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகையில் ஒவ்வொரு பூவும் சிறுத்தாலும் செடி மொத்தமாகப் பார்க்க நிறைவாகவே தெரியும். 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஐஸ்பெர்க்' அதற்கு நல்ல உதாரணம். வெள்ளை என்பதால் வெளுப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் இலைப்பேன் அரித்தால் பழுப்புக் கறை உடனே கண்ணில் படும். பெரிய ஒற்றைப் பூதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு, கோடைக்கென்று நான் முதலில் சொல்வது இந்தக் கொத்துப்பூ வகைகளைத்தான்.

சரி, இருக்கிற செடியைக் கோடையில் இருந்து காப்பாற்றுவதற்கு வருவோம். கோடையில் சாகிற ரோஜாக்களில் பலவற்றை நேரடியாக வெயில் கொல்வதில்லை. வெயிலைப் பார்த்துப் பதறி நாம் செய்யும் உபகாரங்கள்தான் கொல்கின்றன.

அதில் முதலிடம் தண்ணீருக்கு. மதியம் செடி தலை தொங்கினால் உடனே ஒரு வாளி ஊற்றுவார்கள். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடும்போது, மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், நிழல் கொடுங்கள். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் விஷயம் இருக்கிறது: மண் காய்ந்திருந்தால் தாகம், ஈரமாக இருந்தால் வேர் அழுகல். இந்த இரண்டாவது நிலையில் இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. காலையில் ஒரே முறை, தொட்டியின் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுவது, நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டே இருப்பதைவிட நல்லது. சிறிய தொட்டிக்கு மட்டும் கடும் வெயிலில் மாலையும் தேவைப்படலாம். இன்னொன்று, வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள். எனக்கே இது ஒரு மினியேச்சர், அதாவது குட்டி ரோஜாச் செடியைப் பறிகொடுத்த பிறகுதான் உறைத்தது.

மூடாக்கு போட்டால் பாதி வேலை குறையும். காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு மூன்று அங்குலத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். தொட்டியைச் சுடுதரையில் இருந்து செங்கல் வைத்து உயர்த்துங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் போதும், பிற்பகலுக்கு நிழல்வலை கட்டலாம். மொத்தமாக நிழலுக்குள் தள்ளிவிட்டால் செடி நெட்டையாக வளர்ந்து பூக்க மறுக்கும்.

அடுத்த உபகாரம் உரம். பூ சிறுத்ததும் "சத்துக் குறைவு" என்று ரசாயன உரத்தை அள்ளிப் போடுவார்கள். தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு தொட்டியிலேயே தங்கி வேரைச் சுடும். இலைக் கருகலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெயில் சுட்டிருந்தால் வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் திட்டுத் திட்டாகக் கருகும். உப்பு சுட்டிருந்தால் நிழல் பக்கத்து முதிர்ந்த இலைகளும் நுனியில் இருந்து ஓரமாகக் காயும். அப்போது நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டு, உரத்தை நிறுத்துங்கள். கடும் வெயில் வாரங்களில் நான் எதுவும் போடுவதில்லை. மிஞ்சிப்போனால் மண்புழு உரம் ஒரு கைப்பிடி.

இலைச்சாற்றை உறிஞ்சும் தூசி அளவு உயிரான செஞ்சிலந்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடையில் இலை உதிர்வதற்கு வெயிலைவிட இதுவே அதிகம் காரணமாக இருக்கிறது. இலையின் மேல்புறம் ஊசி குத்தியதுபோல வெளிர் புள்ளிகள், பிறகு சாம்பல் பூத்த மஞ்சள், அடிப்புறம் மெல்லிய நூலாம்படை. சந்தேகம் இருந்தால் இலைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால், அது தூசி இல்லை. வறண்ட சூட்டில், 30 டிகிரி அளவில், முட்டையில் இருந்து வளர்ந்த சிலந்தியாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும் அதற்கு. எட்டுக் கால் உயிர் என்பதால் பூச்சிக்கொல்லிகள் பலவும் இதை ஒன்றும் செய்யாது. மாறாக, இதைத் தின்று வாழும் நல்ல சிலந்திகளையும் பூச்சிகளையும் கொன்று தொல்லையை ஏற்றிவிடும். மருந்தடித்த பிறகு அதிகமாயிடுச்சு என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரே தடவையோடு விட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். வேப்ப எண்ணெய் அடிப்பதானால் வெயில் தாழ்ந்த பிறகு, செடி தாகமில்லாமல் இருக்கும்போது. கந்தகத்தூள் 32 டிகிரிக்கு மேல் வேண்டவே வேண்டாம், இலை வெந்துவிடும்.

கடும் கவாத்து, அதாவது கிளைகளை ஒட்ட வெட்டுவது, கோடையில் கூடாது. இலை நிழல் இல்லாமல் தண்டின் பட்டையே வெயிலில் வெடிக்கும். வாடிய பூவைக் காம்போடு கிள்ளினால் போதும். புதுச் செடியென்றால் மொட்டுகளையே கிள்ளிவிடச் சொல்வேன். இதற்கு யாரும் சுலபத்தில் சம்மதிப்பதில்லை.

அந்த அம்மாவின் இரண்டாவது தொட்டியில் அடி மண்ணை விலக்கிப் பார்த்தேன். அவருடைய சந்தேகம் பாதி சரி. பூத்திருந்த கிளை ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியில் இருந்து வந்தது. முள்ளும் இலையும் வேறு. ஒட்டின் மேல்பகுதி ஒரு பக்கம் காய்ந்து, விரல் நீளத்துக்கு மட்டும் பச்சை மிச்சமிருந்தது. கீழ்க் கிளையை வெட்டாமல் அது கிளம்பிய இடத்தில் இருந்தே பிய்த்து எடுத்தோம், வெட்டினால் மறுபடி முளைக்கும். விற்றவர் ஏமாற்றவில்லை, ஆனால் செடியே ஆளை மாற்றிவிட்டது.

இரவுகள் குளிர ஆரம்பித்ததும் இரண்டு செடிகளையும் நுனியில் லேசாக வெட்டி, அப்புறம்தான் உரம் கொடுத்தார். ஏழாவது வாரம் எனக்கு ஒரு போட்டோ வந்தது. பழைய அடர்சிவப்பு, பக்கத்தில் அளவுக்காக விரித்து வைத்த அவருடைய உள்ளங்கை. இரண்டாவது தொட்டியில் இளஞ்சிவப்பு மொட்டு ஒன்றே ஒன்று வந்திருப்பதாகவும், கிள்ளச் சொல்லிவிட வேண்டாம் என்றும் கீழே எழுதியிருந்தார்.