ஸ்கர்ட்டிங் ஒட்டும் முன் ஒரு முறை காட்டுங்கள்

அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒலி அளப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "மேல்வீட்டில் கம்பளத்தை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று." மேல்வீட்டுக்காரரோ, "ஒலி தடுக்கும் அடிவிரிப்பு வாங்கித்தானே போட்டேன்" என்று பெட்டியை எடுத்துக் காட்டுவார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

கான்கிரீட் தளம் கனமானது. பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுத்துவிடும். ஆனால் குதிகால் மிதிப்பதும் நாற்காலி இழுபடுவதும் தளத்தையே அதிர வைக்கின்றன. அந்த அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் ஒலியாக இறங்குகிறது. இதை அளக்க ஒரு கருவி உண்டு. தலா 500 கிராம் எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும், நொடிக்குப் பத்து அடி. கீழ்வீட்டில் கேட்பதை வைத்து மதிப்பெண் கணக்கிடுவோம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, தளம் மிதிசத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஐஐசி என்ற இந்த அளவில் ஆய்வகத்தில் 50, கட்டடத்திலேயே அளந்தால் 45 கேட்கிறது. மேலே எதுவும் விரிக்காத வெறும் கான்கிரீட் தளம் 35ஐத் தொடுவதே அரிது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் முறையில் கணக்கு தலைகீழ்: எண் குறையக் குறைய நல்லது. ஆகவே, குடியிருப்போர் சங்க விதியில் "50 வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது; எந்த அளவுமுறை, எங்கே அளந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட எண் அடிவிரிப்புக்கு மட்டும் உரியதன்று. ஆய்வகத்தில் 200 மில்லிமீட்டர் தளத்தின்மேல் அதை விரித்து, கீழே தொங்குகூரையும் அமைத்து அளந்ததாக அது இருக்கலாம். உங்கள் கட்டடத்தில் தளம் மெல்லியது, தொங்குகூரையும் இல்லை என்றால் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. விற்பவரிடம் முழுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அடிவிரிப்பு தனியாக எத்தனை புள்ளி கூட்டுகிறது என்பதையும் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வேலை கெடுகிற இடம் சுவரோரம். ஒரு வீட்டில் விலை உயர்ந்த ரப்பர் விரிப்பின்மேல் கல் பதித்திருந்தார்கள். கீழ்வீட்டில் சுத்தியல் ஓசை கணீரென்று கேட்டது. மேலே போய் ஒரு மூலையில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓரமாக ஒட்டும் பட்டையை, கழற்றினேன். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே என் விரல் நுனி போகும் அளவு இடைவெளி இருந்திருக்க வேண்டும். அங்கே சிமென்ட் கலவை கெட்டியாக அடைத்திருந்தது. விரிப்பை விட்டு விலகி, அந்தக் கலவை வழியே அதிர்வு நேராகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. விரிப்பின் விலையோடு ஒப்பிட்டால் ஓரத்தில் ஒட்டும் நுரைப்பட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பதிக்கும் மேஸ்திரியிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் ஆலோசனை சொல்லும் எல்லாச் சங்கங்களிடமும் ஒரு விதியை வற்புறுத்துகிறேன்: விரிப்பு போட்டதும் ஒரு முறை, ஸ்கர்ட்டிங் ஒட்டும் முன் ஒரு முறை, சங்கத்தின் ஆள் வந்து பார்க்க வேண்டும். மூடிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. முடிந்ததும் கட்டடத்திலேயே அளந்து, விதியில் சொன்ன எண் வராவிட்டால் உரிமையாளர் தம் செலவில் திருத்த வேண்டும் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தரையில் பெரும்பகுதியைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்ற விதி பல கட்டடங்களில் உண்டு. அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. அடுத்தவர் படுக்கையறைக்குள் போய்க் கம்பளத்தை யார் அளப்பது?

எடையையும் மறந்துவிடாதீர்கள். 20 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ. அதன் கீழே 50 மில்லிமீட்டர் கலவை என்றால் இன்னும் 100 கிலோ. பழைய தரையை எடுக்காமல் அதன்மேலேயே இதை ஏற்றுவதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் அனுமதி தரக்கூடாது.

அந்தக் கல்தரை வீட்டில் சுவரோரக் கலவையை முழுக்க வெட்டியெடுத்து, நெகிழ்வான சீலன்ட் நிரப்பினோம். மூன்று நாள் வேலை. மறுபடி சுத்தியல் கருவியை ஓட்டியபோது கீழ்வீட்டு அம்மா கூரையை அண்ணாந்து பார்த்து, "ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.