துடியிடை ஈயக்குண்டு

வைத்திக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகள் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். ஒருநாள் நான்கு பெல்லட் டப்பாக்களை, அதாவது அந்தத் துப்பாக்கிக்கான ஈயக்குண்டு டப்பாக்களை, மேசையில் பரப்பி, "இதுல எது மாமா நல்லது?" என்றாள். நான்கிலும் 4.5 மி.மீ. என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் குண்டின் தலை விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51 என்று பொடி எழுத்து. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு! அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றும்.

ஒன்றை எடுத்துப் பாருங்கள். அரை கிராம் ஈயம், நடுவே ஒடுங்கிய இடை. புலவர்கள் பாடிய துடியிடை இதுதான். உடுக்கையைச் சின்னதாக்கிய மாதிரி இருக்கும். தலை கனம், பின்பக்கம் பாவாடை போல விரிந்த வெற்றுக்கூடு. விசையை இழுத்ததும் அழுத்தக் காற்று அந்தக் கூட்டுக்குள் புகுந்து, படகின் பாயைப் புடைக்கிற மாதிரி பாவாடையை விரிக்கிறது. அது குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்வதால் காற்று கசிவதில்லை. குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகள் பெல்லட்டைச் சுழற்றிவிடும். வெளியே வந்தபின் பாவாடை காற்றை வாங்கி வாலைப் பின்னுக்கு இழுக்க, தலை முன்னே நிற்கும். இறகுப்பந்தும் இப்படித்தான் பறக்கிறது.

முகம் தட்டையாக இருப்பது இலக்கு அட்டைக்காக. கூர்முனை காகிதத்தைக் கிழிக்கும். தட்டைமுகம் ஆபீஸ் பஞ்ச் போல வட்டமாக வெட்டும். ஓட்டையின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி என்பதால் சுத்தமான ஓட்டை வேண்டும். இந்த முகம் காற்றை மோசமாகத்தான் கிழிக்கும், ஆனால் இலக்கு நிற்கும் 10 மீட்டர் தூரத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

சரி, நூற்றில் ஒரு பங்குக்கு வருவோம். பெல்லட்டின் தலை குழலின் வரிமேடுகளில், அதாவது திருகு வரிகளுக்கு இடையே உள்ள மேடுகளில், உட்கார வேண்டும். சிறுத்தால் ஆடும், பருத்தால் உரசும். உரசல் மாறினால் வேகமும் மாறும். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு விதம் என்பதால் டப்பாவைப் பார்த்து விடை சொல்ல முடியாது. பிஸ்டலை வைஸ் எனும் இறுக்குப்பிடியில் இறுக்கி, அளவுக்குப் பத்துக் குண்டு சுட்டோம். டப்பா மாற்றும்போதெல்லாம் முதல் சிலவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை, குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டுமே. அவள் குழலுக்கு 4.49 ஒரே ஓட்டையாக விழுந்தது. 4.51 கொஞ்சம் சிதறியது.

அப்புறம் பிஸ்டலைக் கையில் பிடித்து நான்கு அளவையும் சுட்டாள். நான்கு அட்டையும் ஒரே மாதிரி! கையின் ஆட்டம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும்போது பெல்லட்டின் வித்தியாசம் அதில் கரைந்துபோகிறது. என்னைக் கேட்டால், தொடக்கக்காரர்கள் தலையளவைத் தேடி அலைவதைவிட ஒரே வகையை வாங்கிப் பழகுவதே மேல்.

உச்சத்தில் கணக்கு வேறு. பத்துப் புள்ளிப் பகுதியில் பெல்லட்டின் மையம் 0.8 மி.மீ. விலகினால் 0.1 புள்ளி போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளியுடன் வெண்கலம் வாங்கினார். அவரை முந்திய கொரிய வீராங்கனைக்கு அப்போது 221.8. அந்த இடத்தில் வைஸும், நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலும் வீண்வேலை இல்லை.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 0.45 கிராமுக்கும் 0.53 கிராமுக்கும் குண்டு படும் இடத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை, பிஸ்டலில் குறிபார்க்கும் முள்ளைத் திருகிச் சரிசெய்துவிடலாம்.

கடலோரத்தில் வேறொரு தலைவலி உண்டு. மழைக்காலம் முடிந்து ஒரு பழைய டப்பாவைத் திறந்தால், குண்டுகள் மேல் திருநீறு பூசிய மாதிரி வெள்ளைப் பொடி. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து ஈயத்தைக் கார்பனேட்டாக்கிவிட்டன. மர அலமாரியிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி இதை இன்னும் விரைவாக்கும். பொடி படிந்த குண்டின் அளவை நம்ப முடியாது. உலோக ஈயத்தைவிட இந்தப் பொடியை உடம்பு எளிதில் ஈர்த்துக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய கவலை. அந்த டப்பாவைத் தனியே கட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தால், அவள் கை முறுக்குத் தட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "முதல்ல சோப்பு போட்டுக் கழுவும்மா!"