ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எட்டிப் பார்க்கும் கதீட்டர்கள்

ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த ஒருவருக்குச் சில மாதங்களிலேயே மாரடைப்பு வருவது உண்டு. பரிசோதனையில் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆஞ்சியோ காட்டுவது சாயம் ஓடும் வழியை மட்டும்தான். குழாயின் சுவர் அதில் தெரியாது, ஆபத்து பெரும்பாலும் சுவருக்குள் இருக்கிறது.

கொழுப்பு படியத் தொடங்கியதும் தமனி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. நோயியல் நிபுணர் சீமோர் கிளாகோவின் குழு 1987-இல் காட்டியபடி, படிவு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை ரத்த ஓட்டப் பாதை சுருங்குவதே இல்லை. அந்தப் படிவுக்குள் மென்மையான கொழுப்பும் இறந்த செல்களும் கிடக்கின்றன, மேலே நார்த்திசு ஒன்று மூடியிருக்கிறது. அழற்சி செல்கள் இந்த மூடியை அரித்துக்கொண்டே வரும். 65 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே மெலிந்துவிட்டால் அது கிழியும் அபாயம் அதிகம். கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தைத் தொடும், ரத்தம் அங்கேயே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய கம்பி ஒன்றை இதயத் தமனிக்குள் செலுத்தி, அதன் மேல் கதீட்டர் எனப்படும், சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய குழாயை நகர்த்துகிறார்கள். படிவைத் தாண்டிய பிறகு அதைப் பின்னோக்கி இழுக்கும்போது நுனியில் உள்ள உணரி சுவரைச் சுற்றிச்சுற்றிப் படிக்கிறது.

உணரி அல்ட்ராசவுண்டாக இருந்தால், எதிரொலியை வைத்துச் சுவரின் முழு ஆழமும், படிவின் அளவும் தெரியும். ஆனால் 40 மெகாஹெர்ட்ஸ் கருவியால் சுமார் 100 மைக்ரானுக்குக் குறைவானதைப் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் மெலிந்த மூடி கண்ணுக்குத் தப்பிவிடும். ஓசிடி (OCT) என்ற முறை ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. திரும்பி வரும் ஒளியை இன்னொரு ஒளிக்கற்றையோடு குறுக்கிட வைத்து, 10 முதல் 20 மைக்ரான் வரை நுணுக்கமாக அளக்கிறது. மூடியின் தடிமனை நேரடியாக அளக்க இதுவே சிறந்த வழி. ரத்தம் ஒளியைச் சிதறடிப்பதால், சாயத்தைச் செலுத்தி ரத்தத்தை ஒதுக்கிவிட்டுச் சில நொடிகளுக்குள் படம் எடுத்தாக வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு அப்பால் ஒளி போகாது.

மூன்றாவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வடிவத்தை விட்டுவிட்டு வேதியியலைக் கேட்கிறது. கொலஸ்ட்ராலும் நார்த்திசுவில் உள்ள கொலாஜன் புரதமும் அண்மை அகச்சிவப்பு ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களை உறிஞ்சுகின்றன. திரும்பி வரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் அங்கே கொழுப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ரத்தத்தை ஒதுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கணினி இந்த அளவீட்டை, பிரேதப் பரிசோதனையில் கிடைத்த தமனிகளின் பதிவுகளை வைத்து உருவான கணக்குமுறையில் போட்டு, சுவரை வண்ண வரைபடமாக விரிக்கிறது. மஞ்சள் இருக்குமிடம் கொழுப்பு. நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் கொழுப்புக் குறியீடு 1000-க்கு 400-ஐத் தாண்டினால் அந்த இடம் பின்னாளில் தொல்லை கொடுக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. படிவு எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. அதனால்தான் அல்ட்ராசவுண்டையும் இதையும் ஒரே கதீட்டரில் சேர்த்துவிட்டார்கள்.

அழற்சியுள்ள படிவு சற்றுச் சூடாக இருக்கும் என்பதால், வெப்பநிலையை அளக்கும் கதீட்டர்களும் 1990-களில் வந்தன. ஓடும் ரத்தம் அந்தச் சூட்டைக் குளிர்வித்துவிட, அளக்கக் கிடைத்த வித்தியாசம் மிகச் சிறியதாகிப் போனது.

ஆனால் கண்டுபிடித்த படிவுகள் எல்லாம் வெடிப்பதில்லை. 697 நோயாளிகளைப் பின்தொடர்ந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், மெலிந்த மூடி, பெரிய படிவு, குறுகிய பாதை என மூன்று அறிகுறிகளும் சேர்ந்த இடங்களில்கூடச் சுமார் 18 சதவீதம்தான் மூன்று ஆண்டுகளில் பிரச்சினை தந்தன. பல படிவுகள் சத்தமில்லாமல் கிழிந்து, தானாகவே ஆறிவிடுகின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் மூடியைத் தடிப்பாக்குகின்றன என்பதும் இதே கதீட்டர்களால்தான் உறுதியானது.

அப்படியானால் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை முன்கூட்டியே வைக்கலாமா? தென்கொரியா தலைமையில் 1,606 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத ஆபத்தான படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் போன்ற சிகிச்சை செய்துகொண்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் 0.4 சதவீதம் பேருக்கும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 3.4 சதவீதம் பேருக்கும் பாதிப்பு வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி மருத்துவமனைச் சேர்க்கையிலும் மறு சிகிச்சையிலும் இருந்தது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதும் நோயாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. தமனிக்குள் கதீட்டர் நுழைப்பதிலேயே சிறிய அபாயம் உண்டு என்பதால், இந்தச் சோதனைகளை இன்று வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ செய்துகொள்ள வருபவர்களிடம்தான் செய்கிறார்கள்.