எல்லாமே நாடுகடத்தலா?

2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களுடன் அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. ‘நாடுகடத்தப்பட்டனர்’ என்றன செய்திகள். ஏப்ரலில் மும்பைத் தாக்குதல் வழக்குக்காகத் தஹாவூர் ராணாவை அமெரிக்கா நம்மிடம் கொடுத்தது. அதற்கும் ‘நாடுகடத்தப்பட்டார்’. முன்னது அனுமதியின்றித் தங்கியவர்களை அனுப்புவது. பின்னது குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்கு ஒப்படைப்பது.

கட என்பதன் பிறவினை கடத்து. 1815இல் பிடிபட்ட கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்களே, அது நாடுகடத்தல். சொந்த மண்ணைவிட்டுப் பிரிக்கும் தண்டனை. சொந்த நாட்டுக்கே அனுப்பப்படுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

‘வேரூன்றிய சொல், எல்லாருக்கும் புரிகிறதே’ என்பார்கள். என்ன புரிகிறது? அமெரிக்காவில் குடியேறிகளைப் பற்றி நடக்கும் சண்டையே எல்லையில் தடுப்பதா, ஊருக்குள் தேடிப் பிடிப்பதா என்பதுதான். 1996 வரை அங்கே சட்டமே வாசலில் மறுக்கப்பட்டவரையும் உள்ளே வந்தபின் அனுப்பப்படுபவரையும் பிரித்துப் பேசியது. அவ்வாண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தது; குடிவரவு நீதிபதிமுன் நிறுத்தாமலே அனுப்பும் விரைவு முறையையும் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் நிலவழி வந்தவர்களில் எல்லையிலிருந்து 100 மைலுக்குள், நுழைந்து 14 நாளுக்குள் பிடிபட்டவர்களோடு அது நின்றது. 2025 ஜனவரியில் நாடு முழுவதற்கும், 2 ஆண்டுவரை என நீட்டினார்கள். விஷயம் நீதிமன்றம் போனது. எல்லை உள்ளே நகர்ந்துவிட்டது என்பதுதான் எதிர்ப்பவர்களின் வாதம். எல்லாவற்றையும் நாடுகடத்தல் என்று எழுதும் மொழிபெயர்ப்பில் அந்த வாதம் காணாமலே போகிறது.

கொரோனா காலச் சுகாதார விதியைக் காட்டி 2020 மார்ச் முதல் 2023 மே வரை எல்லையில் திருப்பியது சுமார் 28 லட்சம் தடவை. ஒரே ஆளே பலமுறை எண்ணப்பட்டார். இதை ‘28 லட்சம் பேர் நாடுகடத்தல்’ என்று எழுதுவது மொழிப் பிழை மட்டுமல்ல, தகவல் பிழை.

போதாததற்கு, தங்கமும் கடத்தல், ஆளும் கடத்தல். ‘கடத்தல்காரர்களால் கடத்திவரப்பட்டவர்கள் நாடுகடத்தப்பட்டனர்’ என்ற வரியை ஒருமுறை நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

நான் எழுதுவது இப்படி: எல்லையிலேயே என்றால் திருப்பியனுப்பல். உள்ளிருந்து என்றால் வெளியேற்றல். தானாகப் போவது வெளியேறல் என்பதால் அந்த றகர ஒற்றை விழுங்கிவிடக் கூடாது. வழக்குக்காக என்றால் ஒப்படைப்பு.

2025 மார்ச்சில் வெனிசுவேலாக்காரர்கள் 200க்கும் மேற்பட்டோரை எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பினார்கள். அது அவர்கள் நாடே அல்ல. அதற்கு ‘வேற்றுநாட்டுக்கு வெளியேற்றல்’ என்று, நீளமானாலும், முழுதாகவே எழுதுவேன்.